கருப்புக் கல் கிச்சன் மேடை, 36 எம்.எம். ஃபுல் ரவுண்ட் மோல்டிங்: விளிம்பு சாம்பலா நிக்குது, அலையும் தெரியுது

ஜிகணி_பட்டறை

பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஒரு ஃபிளாட், எல் வடிவ கிச்சன் மேடை. ஒரு கை 11 அடி, இன்னொரு கை 6 அடி. கல் 18 எம்.எம்., கல் யார்டுல ஆப்சல்யூட் பிளாக்னு (முழுக் கருப்பு வகை) சொல்லிக் கொடுத்தது. முன்விளிம்புக்கு அடியில 50 எம்.எம். அகலக் கல் பட்டி ஒட்டி 36 ஆக்கி ஃபுல் ரவுண்ட் (முழு அரைவட்ட விளிம்பு) எடுத்திருக்கு. இன்னும் சைட்டுக்கு ஏத்தல, பட்டறை ஸ்டாண்டு மேலதான் கிடக்கு. திருத்த முடியும்னா இப்பவே திருத்திடலாம்.

செஞ்ச முறை: பட்டி காய்ஞ்சதும் 4 இன்ச் கிரைண்டர்ல கப் வீல் மாட்டி முனையை உடைச்சோம். அப்புறம் ரவுட்டர்ல பேரிங் வெச்ச ஹாஃப் ரவுண்ட் பிட், 18 ரேடியஸ். மேல ஒரு ஓட்டம், கல்லைத் திருப்பிப் போட்டு கீழ ஒரு ஓட்டம். பாலிஷ் அதே கிரைண்டர்லதான், 11,000 ஆர்.பி.எம்., ரெகுலேட்டர் கிடையாது. 50, 100, 200, 400, 800, 1500, 3000 நம்பர் வைரப் பேடு (நம்பர் ஏற ஏற நைஸ்), கடைசியா மெருகு ஏத்துற பஃப் பேடு. பாட்டில்ல தண்ணி விட்டுக்கிட்டே.

கோளாறு நாலு. மேல்பக்கம் கண்ணாடி மாதிரி கருகருன்னு இருக்கு, மோல்டிங் மட்டும் சாம்பல் பூத்த மாதிரி. டியூப்லைட் நிழல் விளிம்புல நெளிஞ்சு நெளிஞ்சு போகுது. பட்டி ஒட்டின இடத்துல நடுவுல வெளிர் கோடு. சிங்க் பக்கம் முடியுற முனையில சில்லு பேர்ந்திருக்கு. பஃப் பேடை ரெண்டு கம்பெனி மாத்திப் பார்த்தாச்சு, வித்தியாசம் இல்ல.

இதே வீட்டுல தனி மேசைக்கு வெள்ளை குவார்ட்ஸ்ல (ரெசின் கலந்து செய்யுற செயற்கைக் கல்) ஓஜி (எஸ் மாதிரி வளையுற விளிம்பு) கேட்கிறாங்க. அதுக்கும் இதே பிட், இதே பேடு போதுமா?


ஈரத்துணி

பஃப் பேடை விடுங்க. முதல்ல ஒரு வெள்ளைத் துணியும் கொஞ்சம் அசிட்டோனும் எடுங்க. சுவர் டைல் மறைக்கப் போற பின்விளிம்பு ஓரமா, பாலிஷ் பக்கத்துல ஒரு கைரேகை அளவு இடத்தை அரை நிமிஷம் அழுத்தித் தேயுங்க. துணி கருத்தா, கல்லுக்கு சாயம் ஏத்தியிருக்காங்க. சாம்பல் கலந்த கல்லைக் கருப்பா காட்ட சாயமும் மெழுகும் ஏத்துறது உண்டு. அது மேல்தோல்ல மட்டும்தான் இருக்கும். நீங்க மோல்டிங் எடுத்த உடனே உள்ளே இருக்கிற அசல் நிறம் வெளியே வந்துடும். அப்படிப்பட்ட கல்லுல பத்தாயிரம் நம்பர் பேடு வரைக்கும் போனாலும் விளிம்பு பளபளன்னு சாம்பலாத்தான் இருக்கும்.

துணி வெள்ளையாவே இருந்தா தப்பு உங்க பாலிஷ்ல. அப்போ ரெண்டு இடத்தைப் பாருங்க.

ஒண்ணு, வேகம். 4 இன்ச் ரெசின் பேடு 11,000-ல ஓடினா அதோட ஓரம் நொடிக்கு 57 மீட்டருக்கு மேல போகுது. 3,000-ல ஓட்டினா 16 மீட்டர்கூட வராது. 11,000 வேகத்துல ஊத்துற தண்ணி பேடுக்கு அடியில நிக்காம சிதறிடும். ரெசின் சூடாகி இளகி கல்லு மேல படலமா ஒட்டும். பார்க்க பளபளப்பு மாதிரி இருக்கும், அசிட்டோன்ல துடைச்சா போயிடும். பேடுக்குப் பின்னாடி அதிகபட்ச ஆர்.பி.எம். போட்டிருக்கும், பெரும்பாலும் 4,500-க்குள்ளதான். ஸ்பீடு ரெகுலேட்டரோட நடுவுல தண்ணி வர்ற வெட் பாலிஷர் ஒண்ணு வாங்கிடுங்க. 50-ல இருந்து 400 வரைக்கும் 3,000 பக்கம், 800-க்கு மேல 2,000 பக்கம் இறக்கிக்கங்க. சாதா கிரைண்டர்ல வெளியே டிம்மர் மாட்டி வேகம் குறைக்கிற பழக்கம் இருக்கு. அதுல இழுவையும் சேர்ந்து குறையும், கல்லுல லேசா அழுத்தினாலே மோட்டார் திணறும். ஈரத்துல வேலை, இணைப்புல 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தா கரண்டை வெட்டுற சுவிட்ச்) கட்டாயம்.

ரெண்டாவது, கீறல். 50 பேடுல இருக்கிற வைரத்துகள் சுமார் 300 மைக்ரான், 400-ல 40 மைக்ரான்கூட இல்ல. 50 போட்ட பள்ளத்தை 400 ஒருநாளும் எட்டாது, மேட்டை மட்டும் மினுக்கிட்டுப் போயிடும். பள்ளத்துல வெளிச்சம் சிதறும், அதுதான் கண்ணுக்கு சாம்பல். மொத்த நேரத்துல பாதி 50-லயும் 100-லயுமே போகணும். எல்லாப் பேடுக்கும் ஒரே நேரம் கொடுக்கிறதுதான் பட்டறைகள்ல நடக்கிற தப்பு.

சரிபார்க்கிற முறை: ஒவ்வொரு பேடு முடிஞ்சதும் கழுவி, நல்லா துடைச்சு, காய விடுங்க. ஈரம் எல்லாக் கீறலையும் மறைச்சிடும். அப்புறம் டார்ச்சை விளிம்போட ஒட்டினாப்புல படுக்கவெச்சு அடிங்க. இந்தப் பேடோட கீறலைவிட ஆழமா ஒரு கோடு தெரிஞ்சாலும் ஒரு படி பின்னாடி போங்க. 400 முடிஞ்சு காய்ஞ்ச கல்லுல டியூப்லைட் மங்கலா தெரியணும். அது தெரியலைன்னா 800-ஐ எடுக்காதீங்க.

இன்னொண்ணு, நாம கருப்பு கிரானைட்னு சொல்றது பெரும்பாலும் கிரானைட்டே இல்ல, டோலரைட், கேப்ரோங்கிற வேற பாறை வகை. ஆந்திராவுல சீமகுர்த்தியில கிடைக்கிற பிளாக் கேலக்ஸியும் அப்படித்தான், அதுல மின்னுற பொன்னிறப் புள்ளி பிரான்சைட் கனிமம். இந்தக் கல்லுல குவார்ட்ஸ் இல்ல, இருந்தாலும் ரொம்பக் கம்மி. நிறம் கருப்புங்கிறதால சிவப்பு, சாம்பல் கல்லுல மறையுற கீறல் இதுல பளிச்சுனு காட்டிக் கொடுக்கும். மார்பிள் தரைக்குப் போடுற ஆக்ஸாலிக் ஆசிட் பவுடரை இதுல தேய்ச்சுப் பார்க்காதீங்க. அது கால்சைட்டோட வினைபுரிஞ்சு மெருகு கொடுக்கிறது, இங்க கால்சைட் கிடையாது. கடைசி மெருகுக்குத் தேவைப்பட்டா டின் ஆக்சைடு பவுடரும் ஃபெல்ட் பேடும்.


மூலைமட்டம்

அலைக்கு வர்றேன். ரவுட்டர் பிட்ல இருக்கிற பேரிங் கண்ணை மூடிக்கிட்டு ஓடுற சக்கரம். அது உருள்ற முகம் எப்படி இருக்கோ அதையே மோல்டிங்ல எழுதிட்டுப் போகும். ஒட்டின பட்டி ஒரு இடத்துல 1 எம்.எம். வெளியே, இன்னொரு இடத்துல உள்ளே இருந்தா ரவுண்டும் அப்படியே போகும். அதனால ரவுட்டர் எடுக்கிறதுக்கு முன்னாடி முகத்தை நேராக்கணும். 6 அடி அலுமினிய மட்டக்கோலை முகத்துல வெச்சா 0.5 எம்.எம்.-க்கு மேல வெளிச்சம் தெரியக்கூடாது. கல்லு மேல ஒரு அலுமினிய பாக்ஸ் பைப்பைக் கிளாம்ப் போட்டு, அதை ஒட்டியே கட்டரை ஓட்டி 2 எம்.எம். சீவி எடுத்துட்டா போதும்.

நீங்க செஞ்சதுல இன்னொரு சிக்கலும் இருக்கு. 36 கனத்துக்கு சரியா 18 ரேடியஸ் பிட். மேல் ஓட்டம் முடிஞ்சு திருப்பிப் போட்டதும் பேரிங் உட்கார நேர்முகமே மிச்சமில்ல, நடுக்கோட்டுல ஊசி முனை மேல உருளுது. கொஞ்சம் சரிஞ்சாலும் உள்ளே கடிக்கும். 36-க்கு 16 ரேடியஸ் பிட் போட்டு நடுவுல 4 எம்.எம். பட்டையா விட்டு, அந்தப் பட்டையைக் கடைசியில 50 பேடுல உருட்டி எடுக்கணும். ஒரே ஓட்டத்துல முழு ஆழமும் எடுக்காதீங்க, தடவைக்கு 1 முதல் 2 எம்.எம். இறக்குங்க. பேரிங்ல கல் சேறு புகுந்து இறுகினா அது உருளாம பிட்டோட சேர்ந்து சுத்தும், முகத்துல கருகின கோடு விழும். பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை நிறுத்தி விரலால சுத்திப் பாருங்க. விளிம்பு உங்களைப் பார்த்து இருக்கும்போது இடமிருந்து வலமா தள்ளினா மெஷின் எதிர்த்து நிக்கும், கை கட்டுப்பாட்டுல இருக்கும். மறுபக்கம் தள்ளினா அதுவே இழுத்துக்கிட்டு ஓடும்.

ரவுட்டரே இல்லாமலும் நேர்த்தியா வரும், கணக்கு தெரிஞ்சா. ரேடியஸை 0.586-ஆல பெருக்குங்க. 18-க்கு 10.5 எம்.எம். முனையில இருந்து மேல்பக்கம் 10.5, முகத்துல 10.5 கோடு கிழிச்சு, ரெண்டு கோட்டுக்கும் நடுவுல 45 டிகிரியில கப் வீலால சீவுங்க. அந்த முகம் சரியா வட்டத்தைத் தொட்டு நிக்கும், உள்ளே போகாது. இப்போ ரெண்டு புது முனை வந்திருக்கும், அதை ரெண்டையும் இன்னும் சின்னதா உடைங்க. அப்புறம் 50 பேடு உருட்டினாலே ரவுண்டு. பட்டி ஒட்டாத 18 எம்.எம். கல்லுல ரேடியஸ் 9, கோடு 5.3-ல. சாதா பென்சில்ல கிழிச்ச கோடு தண்ணியில போயிடும், தண்ணிக்கு அழியாத மெழுகுப் பென்சில் வாங்கி வெச்சுக்கங்க. ஏசிபி ஷீட் (ரெண்டு பக்கமும் அலுமினியம் ஒட்டின பிளாஸ்டிக் பலகை) துண்டுல எதிர்வடிவம் வெட்டி, அரை அடிக்கு ஒருதடவை விளிம்புல வெச்சுப் பார்க்கணும்.

இப்ப இருக்கிற கல்லுக்கு: ரவுட்டரைத் திரும்ப ஓட்டாதீங்க, உருள இடமில்ல. விறைப்பான ரப்பர் பேக்கர்ல (பேடைத் தாங்குற வட்டு) 50 பேடு. நின்ன இடத்துல கையை ஆட்டாம, நடந்துக்கிட்டே 4 அடிக்கு ஒரே இழுப்பு. அலையோட மேடு மட்டும் முதல்ல வெளுக்கும், பள்ளம் கருப்பா நிக்கும். முழுக்க ஒரே மாதிரி வெளுக்கிற வரைக்கும் விடாதீங்க. அரை எம்.எம். போகும், பரவாயில்ல. இளகலான பேக்கரை 200-க்கு அப்புறம் மாட்டிக்கலாம்.


ஜிகணி_பட்டறை

ரொம்ப நன்றி. அசிட்டோன் போட்டேன், துணி நல்லாவே கருத்துடுச்சு. தேய்ச்ச இடம் வெளிறி, மோல்டிங் நிறத்துக்கே வந்துடுச்சு. கல்லை வெட்டியாச்சு, யார்டுல திரும்ப எடுக்க மாட்டாங்க. இனி என்ன பண்றது?


ஈரத்துணி

வழி ரெண்டு. ஒண்ணு, விளிம்பை மேல்பக்கத்துக்கு இணையா கருப்பாக்குறது. அலையை எடுத்து 3000 வரைக்கும் ஒழுங்கா முடிச்சு, ஒரு ராத்திரி முழுக்கக் காய விட்டு, கருங்கல்லுக்குன்னே வர்ற நிறம் கூட்டுற சீலரை விளிம்புல மட்டும் தடவுங்க. டப்பாவுல சொன்ன நேரம் ஊறினதும் மிச்சத்தைத் துடைச்சே ஆகணும், விட்டா பிசுபிசுன்னு படலமா நிக்கும். முதல்ல வெட்டி மிஞ்சின துண்டுல போட்டுப் பாருங்க. நிறம் நல்லாவே நெருங்கும், ஆனா நிரந்தரம் கிடையாது, தேய்ச்சுக் கழுவக் கழுவ வெளுக்கும், திரும்பத் தடவணும்.

ரெண்டாவது, மேல்பக்கச் சாயத்தை முழுக்க எடுத்து, மேடை மொத்தமும் அசல் சாம்பல் கருப்புக்கே வர்றது. வேலை அதிகம், வாடிக்கையாளர் ஒத்துக்கணும். ஆனா அடுப்பு மேடையில எலுமிச்சை, புளி, பாத்திரம் கழுவுற லிக்விட் எல்லாம் படும். சாயக் கல்லு கொஞ்ச நாள்ல திட்டுத் திட்டா வெளுக்கத்தான் செய்யும். அது நடந்தா பழி உங்க மேலதான் வரும். அதனால எந்த வழியா இருந்தாலும் துணியைக் காட்டி விஷயத்தை இப்பவே சொல்லிடுங்க. அடுத்த தடவை யார்டுலயே, ஸ்லாப்பை ஏத்துறதுக்கு முன்னாடி அசிட்டோன் துணி. அதோட அறுத்த பக்கவாட்டை ஈரமாக்கிப் பாருங்க. ஈரத்துல தெரியுற நிறத்துக்கு மேல எந்த பாலிஷும் கொண்டுவராது.


பட்டி_ஒட்டு

கோட்டைப் பத்தி யாரும் சொல்லல. அந்த வெளிர் கோடு பட்டி ஒட்டின கம்மோட நிறம் மட்டும் இல்ல, கனமும்தான். ஸ்லாப் அடிப்பக்கம் அறுத்தபடியே மேடும் பள்ளமுமா இருக்கும். அப்படியே ஒட்டினா நடுவுல 1 எம்.எம். கம் நிக்கும். ஒட்டுற ரெண்டு முகத்தையும் கப் வீலால மட்டமாக்கி, கம் இல்லாம வெச்சுப் பார்த்து, நகம் போகாத அளவுக்கு உட்கார்ந்த பிறகுதான் ஒட்டணும். பட்டியோட பாலிஷ் பக்கம் கீழ வரணும், சொரசொரப்பும் சொரசொரப்பும் ஒட்டணும். பாலிஷ் முகத்துல கம் பிடிப்பு கம்மி.

பாலியெஸ்டர் மார்பிள் கம்மா இருந்தா ஹார்டனர் (கம்மை இறுக வைக்கிறது) எடையில 2, 3 சதவீதம். சீக்கிரம் இறுகட்டும்னு அள்ளிப் போட்டா நொறுங்கலா போகும், மஞ்சளும் அடிக்கும். டிசம்பர் காலையில இந்த ஊர்க் குளிருக்கு மெதுவாத்தான் இறுகும், ஹார்டனரைக் கூட்டாம கல்லை வெயில்ல வெச்சு எடுங்க. ஈரக் கல்லுல பாலியெஸ்டர் பிடிக்கவே பிடிக்காது. முதல்நாள் வெட்டின கல்லு வெளியே காய்ஞ்ச மாதிரி இருந்தாலும் துளைக்குள்ள தண்ணி இருக்கும். சிங்க் பக்கத்துக்கு மட்டுமாவது எபாக்சி போடுங்க. நிறத்துக்குப் போடுற கருப்பு பேஸ்ட்டை ஹார்டனருக்கு முன்னாடியே கலக்கணும். ஆறு இன்ச்சுக்கு ஒரு கிளாம்ப். கம் லேசா பிதுங்கி வர்ற அளவு இறுக்கினா போதும், ஓவரா முறுக்கினா மொத்தக் கம்மும் வெளியே வந்து உள்ளே பட்டினி கிடக்கும்.

உங்க கல்லுல இப்போ: கோட்டை பிளேடு நுனியால ஒரு எம்.எம். ஆழம் சுரண்டி, கருப்பு கலந்த எபாக்சியை நிரப்பி, மறுநாள் 100-ல இருந்து பாலிஷ். சில்லு பேர்ந்த இடத்துக்கும் அதே எபாக்சி, பேர்ந்த துண்டு கிடைச்சா அதையே வெச்சு ஒட்டுங்க. இனிமே முனை பேராம இருக்க, கல்லு முடியுற இடத்துல அதே கனத்துல ஒரு வேஸ்ட் துண்டைச் சேர்த்து கிளாம்ப் போடுங்க. பிட் வெளியேறும்போது அந்தத் துண்டுதான் பேரும். இல்லைன்னா கடைசி 2 இன்ச்சை முனையில இருந்து உள்நோக்கி ஓட்டுங்க.

பட்டி ஒட்டின கல்லுக்கு ஃபுல் ரவுண்டைவிட டபுள் மோல்டிங்தான் நல்லது, இது என் அபிப்ராயம். மேல்கல்லுக்கு ஒரு ரவுண்டு, பட்டிக்கு ஒரு ரவுண்டு, ஒட்டுக்கோடு ரெண்டுக்கும் நடுக் காடிக்குள்ள (பள்ளக் கோடு) போய் நிழல்ல மறைஞ்சிடும். ஃபுல் ரவுண்டுல கோடு வயித்து நடுவுல, லைட் படுற இடத்துலயே நிக்குது.


ஒயிட்ஃபீல்ட்_மாடுலர்

டபுள் மோல்டிங்ல கோடு மறையும், நடுக் காடியில எண்ணெயும் மசாலாவும் படியும். சமைக்கிறவங்க பல்லு விளக்குற பிரஷ்ஷோட நிக்கணும். பட்டியே வேண்டாம், மேல்முனையில 5 எம்.எம். பென்சில் ரவுண்டு போதும்னு நான் சொல்வேன், ஆனா இங்க கல்லு ஏற்கெனவே எடுத்தாச்சு.

ஃபுல் ரவுண்டோட அசல் குறை வேற. மேல சிந்தின தண்ணி வளைவைப் பிடிச்சுக்கிட்டே அடியில வந்து பிளைவுட் ஷட்டர் தலையில இறங்கும். ரெண்டு மழைக்காலத்துல ஷட்டர் மேல்விளிம்பு உப்பிடும், திட்டு தச்சனுக்கு. அடிப்பக்கம், முன்முகத்துல இருந்து 25 எம்.எம். உள்ளே, 5 எம்.எம். அகலம் 4 எம்.எம். ஆழத்துல ஒரு சொட்டுக் காடி இழுத்துடுங்க. 18 ரேடியஸ் வளைவு முடிஞ்சு, சமதளத்துல வரணும். கட்டர்ல ரெண்டு ஓட்டம், பத்து நிமிஷ வேலை. சிங்க் வெட்டுற இடத்துல நாலு மூலையிலயும் முதல்ல துளை போட்டுட்டு அப்புறம் நேர்க்கோடு வெட்டுங்க. கட்டர் கோடுகள் மூலையில குறுக்கே தாண்டினா அந்த நுனியில இருந்துதான் விரிசல் ஓடும்.

குவார்ட்ஸுக்கு உங்க பழக்கம் எதுவும் ஆகாது. அது எடையில 90 சதவீதத்துக்கு மேல குவார்ட்ஸ் தூள், மிச்சம் பாலியெஸ்டர் ரெசின். சூடானா ரெசின் மஞ்சளடிக்கும், வெள்ளையில அது தெரியாம போகாது, திரும்ப எடுக்கவும் முடியாது. வேகம் 2,000-க்குள்ள, தண்ணி ஊத்துறதை நிறுத்தவே கூடாது. கருப்பு பஃப் வேண்டாம், கறை இறங்கும். வெள்ளை பேடு செட் தனியா வெச்சு, கருங்கல்லுக்கு அதைத் தொடாதீங்க. ஓஜியோட உள்வளைவுக்குத் தட்டைப் பேடு போகாது. அதே வடிவத்துல படிப்படியா வர்ற புரொஃபைல் வீல் செட் வேணும், முதல் ரெண்டு மூணு மெட்டல், அப்புறம் ரெசின். மெட்டல் வீலோட உயரத்தை ஒருதடவை செட் பண்ணா மத்ததும் அதே உயரத்துல உட்காரணும், அரை எம்.எம். மாறினாலும் வளைவுல இரட்டைக் கோடு விழும். வெளிமூலையை 20 எம்.எம். ரேடியஸாவது வளைச்சு விடுங்க, கூர்மூலையில ஓஜி சுத்தி வரும்போது நுனி பேரும்.

கடைசியா தூசி. குவார்ட்ஸை உலர வெட்டவே கூடாது, ஒரு சின்ன டச்சப்புக்குக்கூட. அதுல வர்ற சிலிக்கா நுரையீரல்ல தங்கி சிலிகோசிஸ் வரும், வந்தா திரும்பாது. ஆஸ்திரேலியாவுல 2024 ஜூலை 1 முதல் இந்தக் கல்லையே தடை பண்ணிட்டாங்க. ஈரத்துல வெட்டினாலும் சேறு காய்ஞ்சா அது தூசிதான். சாயங்காலம் பெருக்காதீங்க, ஈரமா இருக்கும்போதே கழுவித் தொட்டியில பிடிங்க. ஃபிளாட்டுல பாத்ரூம் ஜாலியில ஊத்தினா குழாய்க்குள்ள கெட்டியா படிஞ்சு, அசோசியேஷன் ஆள் கதவைத் தட்டுவாங்க. துணி கட்டிக்கிறது மாஸ்க் ஆகாது, குறைஞ்சது என்95.


ஜிகணி_பட்டறை

வாடிக்கையாளர்கிட்ட துணியைக் காட்டிட்டேன், விளிம்பை மட்டும் கருப்பாக்கச் சொல்லிட்டாங்க. ஒரு சந்தேகம்: எல் ஜாயின்ட்ல ரெண்டு கல்லோட மோல்டிங்கும் சேர்ற இடத்தை இங்கேயே பாலிஷ் பண்ணிடலாமா, இல்ல சைட்டுல வெச்ச பிறகா?


மூலைமட்டம்

இங்கேயே, ரெண்டு கல்லையும் ஸ்டாண்டு மேல சேர்த்து கிளாம்ப் போட்டு, 800 வரைக்கும் ஒரே கல்லா நினைச்சு ஓட்டுங்க. தனித்தனியா பண்ணா பேடு ஒவ்வொரு முனையிலயும் வழுக்கி அதை மழுக்கிடும், சேர்த்ததும் ஜாயின்ட்ல வாய்க்கால் மாதிரி தெரியும். உள்மூலைக்குள்ள 4 இன்ச் பேடு முழுசா நுழையாது, அங்க 2 இன்ச் பேடும் கையால தேய்க்கிற வைரப் பட்டையும்தான். 1500-ல இருந்து சைட்டுல, ஜாயின்ட் எபாக்சி இறுகின மறுநாள். சீலரும் அதுக்கு அப்புறம்தான். முன்னாடியே தடவினா ஜாயின்ட்ல எபாக்சி பிடிக்காது.